வீல் அலைன்மென்ட்: அளவா, சடங்கா?

எந்த ஊர் டயர் கடையாக இருந்தாலும் சரி, பின்பக்கம் போனால் கழற்றிப் போட்ட பழைய டயர்கள் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலை ஐந்து நிமிடம் நின்று பார்ப்பவருக்கு ஒரு வேடிக்கை தெரியும். சில டயர்கள் முழுக்கச் சீராகத் தேய்ந்து, உழைத்து ஓய்வு பெற்ற மனிதரைப் போல நிம்மதியாகக் கிடக்கும். வேறு சில டயர்களில் வெளிப்பக்கத்துப் பட்டன் நேற்று வாங்கியது போல நிற்கும். திருப்பிப் போட்டால் உட்பக்கம் மொட்டை! ரப்பர் போய், துணி போய், உள்ளே இருக்கும் கம்பி எட்டிப் பார்க்கும். பாதி உயிர் மிச்சமிருக்கும்போதே செத்துப்போன டயர் அது.

அதன் சொந்தக்காரரைக் கேட்டால் என்ன சொல்வார்? "சார், அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை தவறாம அலைன்மென்ட் பண்றேன் சார். டயர் கம்பெனிதான் மோசம்." பொய் சொல்லவில்லை. பணம் கட்டிய ரசீதுகூட டேஷ்போர்டுக்குள் இருக்கும். அந்த ரசீதோடு சேர்த்து, பச்சையும் சிவப்புமாக எண்கள் அச்சடித்த ஒரு தாளும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை அவர் ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டார். கொடுத்தவர் படித்தாரா என்பதே சந்தேகம்.

கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. தவறாமல் அலைன்மென்ட் செய்யும் காரின் டயர் ஏன் ஒருபக்கமாகத் தேய்கிறது? வீல் அலைன்மென்ட் என்பது அளந்து பார்த்துத் திருத்தும் வேலை. ஆனால் பெரும்பாலான கடைகளில் அது புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைப் போல ஒரு சடங்காகிவிட்டது. செய்தோம் என்ற திருப்தி கிடைக்கிறது, காரணம் கண்டுபிடிக்கப்படுவதில்லை. எலுமிச்சம்பழத்தின் விலையாவது குறைவு!

டயர் எழுதி வைக்கும் குறிப்பு

காய்ச்சல் என்று போனால் நல்ல டாக்டர் முதலில் நாக்கை நீட்டச் சொல்வார். காருக்கு டயர்தான் நாக்கு. வண்டியில் என்ன கோளாறு என்பதை அது தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்; படிப்பதற்குப் பெரிய படிப்பும் தேவையில்லை.

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் நிற்கிறதா? காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி தேய்ந்து ஓரங்கள் நிற்கின்றனவா? காற்று அதிகம். இந்த இரண்டுக்கும் அலைன்மென்ட் மெஷினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆயிரம் முறை அலைன்மென்ட் செய்தாலும் காற்று சரியாகாது.

ஓர் ஓரம் மட்டும் வழவழவென்று மழுங்கியிருந்தால், சக்கரம் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்து நிற்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். உள்ளங்கையால் டயரின் குறுக்கே தடவிப் பார்த்தால் ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் அரம் போலக் கையைப் பிடிக்கிறதா? சக்கரங்கள் நேராகப் பார்க்காமல் ஒன்றையொன்று பார்த்தபடியோ, ஒன்றைவிட்டு ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டோ ஓடுகின்றன. டயரைச் சுற்றிலும் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்திருக்கலாம், பேலன்சிங் போயிருக்கலாம், வீல் பேரிங் ஆடலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால், எப்போதோ பிரேக்கை அழுத்தியபோது சக்கரம் பூட்டிக்கொண்டு அப்படியே இழுபட்டிருக்கிறது.

இத்தனையும் டயர் சொல்கிறது. ஆனால் கடையில் நடப்பது என்ன? கார் உள்ளே நுழைந்ததும், டயரைக் குனிந்து பார்ப்பதற்கு முன்பே, "அலைன்மென்ட், பேலன்சிங், ரொட்டேஷன், நைட்ரஜன் – பேக்கேஜ் போட்டுடலாமா சார்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. நாக்கைப் பார்க்காமலே நான்கு மாத்திரை!

மூன்று கோணங்கள், ஒரு கணக்கு

அலைன்மென்ட் தாளில் வரும் பெயர்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை. முக்கியமானவை மூன்றுதான்.

முதலாவது டோ. காரை மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் இரண்டும் மூக்கை உள்ளே திருப்பியிருக்கின்றனவா, வெளியே திருப்பியிருக்கின்றனவா என்ற அளவு. உள்ளே அதிகம் திரும்பினால் வெளியோரம் தேயும். வெளியே அதிகம் திரும்பினால் உள்ளோரம் தேயும்.

இரண்டாவது கேம்பர். காரை முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா, வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்ற அளவு. சாயும் பக்கத்து ஓரம் அதிகச் சுமையைத் தாங்கித் தேயும்.

மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் போல, ஸ்டியரிங் திரும்பும் அச்சு பக்கவாட்டுப் பார்வையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராக வருவதற்கு இதுதான் பெரிய துணை. இடதுக்கும் வலதுக்கும் இது வேறுபட்டால் கார் ஒருபக்கம் இழுக்கும். ஆனால் டயரை நேரடியாகத் தின்பதில் இதற்குப் பங்கு மிகக் குறைவு.

டயரைத் தின்பதில் முதல் குற்றவாளி டோ. எப்படி என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஒரு சிறிய காரின் டயர் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் உயரம். சக்கரத்தின் முன்விளிம்பு, பின்விளிம்பைவிட 2 மில்லிமீட்டர் மட்டும் அதிகமாக உள்ளே திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 600-க்கு 2. அதாவது 300-க்கு 1. கார் 300 மீட்டர் நேராகப் போனால், அந்தச் சக்கரம் 1 மீட்டர் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது. எதிர்ப்பக்கச் சக்கரமும் அதே அளவு எதிர்த்திசையில் போகப் பார்க்கிறது. இரண்டையும் போகவிடாமல் கார் பிடித்து இழுத்துச் செல்கிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் இந்தப் பக்கவாட்டு இழுபறி 33 கிலோமீட்டர். சென்னை கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கினாலும் அந்தத் தூரம் வராது! ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஆகவே அத்தனையும் உரசலாக மாறிவிடாது என்பது உண்மை. மாறுகிற பகுதியே டயரை முடித்துக்கட்டப் போதுமானது.

வெறும் 2 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. ஸ்டியரிங்கிலும் தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. இரண்டு சக்கரங்களும் சம அளவில் எதிரெதிராகத் தப்பினால் கார் அம்பு போல நேராகவே போகும். "வண்டி இழுக்கவே இல்லையே, அப்புறம் எப்படி அலைன்மென்ட் தப்பும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சடங்கு நடக்கும் விதம்

இவ்வளவு நுணுக்கமான அளவு என்றால், அளப்பதற்கு முன்னால் என்னென்ன சரியாக இருக்க வேண்டும்? நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். டை ராட் எண்டிலும் பால் ஜாயின்டிலும் ஆட்டம் இருக்கக் கூடாது. லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கக் கூடாது. வீல் பேரிங் ஆடக் கூடாது. இவற்றையெல்லாம் பார்க்க வேண்டுமானால் காரைத் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, அடியில் விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

ஆட்டம் இருக்கும் வண்டியில் அலைன்மென்ட் செய்வது, காலொடிந்த மேஜையின் மேல் தராசை வைத்து நகை எடை போடுவதைப் போன்றது. தராசில் பிழை இருக்காது. அது காட்டும் எண்ணுக்கு மட்டும் அர்த்தம் இருக்காது. நின்ற இடத்தில் திரையில் பச்சை விழும். கடையைவிட்டு வெளியே வந்து முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அந்தப் பச்சை செல்லாக்காசாகிவிடும்.

பல கடைகளில் இந்தச் சோதனையே நடப்பதில்லை. கார் பிட்டில் ஏறுகிறது. சக்கரத்தில் சென்சார் மாட்டுகிறார்கள். முன்சக்கர டோவை மட்டும் திருகி பச்சைக்குக் கொண்டுவருகிறார்கள். தாள் அச்சாகிறது. அடுத்த வண்டி! இதிலே பின்சக்கரத்தின் அளவு சிவப்பில் இருந்தால், "பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது சார், அது அப்படித்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பாதி உண்மை. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் திருகித் திருத்த முடிவது முன்சக்கர டோ ஒன்றுதான். பின்னால் ஒரே துண்டாக அச்சு இருக்கும், திருகாணி கிடையாது. திருத்த முடியாது என்பதால் சிவப்புக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடுமா? திருகாணியே இல்லாத இடத்தில் அளவு மாறியிருக்கிறது என்றால் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது புஷ் போயிருக்கிறது என்றுதானே பொருள்? இன்னும் தீவிரமாகப் பார்க்க வேண்டிய சிவப்பல்லவா அது?

கேம்பர் கதை இதைவிட மோசம். "கேம்பர் அவுட் சார், தனி சார்ஜ்" என்கிறார்கள். சரி என்றதும் ஹைட்ராலிக் ஜாக்கியை வைத்து, சக்கரத்தைத் தாங்கும் பாகத்தை நெம்பி வளைத்து, திரையில் பச்சை வரவைக்கிறார்கள். ஒரு பள்ளத்தில் விழுந்தோ, பிளாட்பாரத்தில் மோதியோ வளைந்துபோன பாகத்தை மாற்றுவது வைத்தியம். எது வளைந்தது என்று பார்க்காமலே இன்னொரு பாகத்தை எதிர்ப்பக்கம் வளைத்துக் கணக்கைச் சரிக்கட்டுவது வைத்தியமா? காரையும் அதில் உட்கார்ந்திருப்பவர்களையும் தாங்குகிற இரும்பு அது. எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. அதை வளைப்பவர் அந்தக் கணக்கைப் போட்டவர் அல்ல.

அடுத்தது ரொட்டேஷன். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றுவது நல்ல பழக்கம்தான். முன்சக்கரங்கள் இழுத்துக்கொண்டும் திரும்பிக்கொண்டும் ஓடுகிற கார்களில் முன் டயர் சீக்கிரம் தேயும், மாற்றிப் போட்டால் நான்கும் சேர்ந்து வயதாகும். ஆனால் முன் டயர் ஒருபக்கமாகத் தின்னப்பட்டிருக்கும்போது காரணத்தைப் பார்க்காமல் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? தின்னும் இடத்துக்குப் புது இரை போகிறது. ஆறு மாதத்தில் இரண்டு டயருக்கு இருந்த நோய் நான்கு டயருக்கும் பரவுகிறது. பின்னால் போன அரம் போன்ற டயர் "உம்ம்ம்" என்று சத்தம் போட ஆரம்பிக்கும். உடனே "பேரிங் போச்சு சார்" என்று இன்னொரு பில்.

கடைசியில் நைட்ரஜன். நாம் மூச்சு விடுகிற காற்றில் ஏற்கெனவே 78 சதவீதம் நைட்ரஜன்தான்! விமான டயரில் நைட்ரஜன் நிரப்புவதற்கு நியாயம் இருக்கிறது. அங்கே ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே இருந்தால் ஆபத்து. கல்லூரிக்கும் ஆபீசுக்கும் போய்வரும் காருக்கு அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை, பெரிய நன்மையும் இல்லை. கெடுதல் எங்கே வருகிறது என்றால், "நைட்ரஜன் போட்டிருக்கேன், காத்து செக் பண்ண வேண்டியதில்லை" என்று நினைத்துக்கொள்வதில் வருகிறது.

காற்று என்கிற ஏழை

விலை இல்லாத பொருளுக்கு மரியாதையும் இல்லை. அலைன்மென்டுக்கு நூற்றுக்கணக்கில் கொடுப்பவர், பெட்ரோல் பங்கில் இலவசமாகக் கிடைக்கும் காற்றை மறந்துவிடுகிறார். நல்ல டயரிலிருந்துகூட மாதத்துக்கு ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. காற்று தானாகவே கசியும். நான்கு மாதம் கவனிக்காவிட்டால் 32 இருக்க வேண்டிய இடத்தில் 28 இருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. ரேடியல் டயர் எப்போதுமே கொஞ்சம் பிதுங்கியபடிதான் நிற்கும்.

சரியான அளவு எது என்பதை ஊகிக்க வேண்டியதே இல்லை. பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, ஐந்து பேர் ஏறினால் எவ்வளவு என்று அதில் அச்சிட்டிருக்கும். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு அது. இதைப் படிக்காமல் "எல்லாத்துக்கும் முப்பது போடுங்கண்ணே" என்பதுதான் தேசிய வழக்கம்.

காற்று அற்ப விஷயம் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு பாடம். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் அந்த டயர்களின் மேல்பட்டை ஓடும்போதே உரிந்து, வண்டிகள் உருண்டு, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். தப்பு டயரிலா, வண்டியிலா என்று இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. அந்தச் சண்டையின் நடுவே நின்ற எண்களில் ஒன்று காற்றின் அளவு: ஃபோர்டு பரிந்துரைத்தது 26 பி.எஸ்.ஐ.; 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். வெறும் 4 பி.எஸ்.ஐ. வித்தியாசம்! அந்த ஆண்டு இறுதியிலேயே அமெரிக்கா புதுச் சட்டம் கொண்டுவந்தது. அதன் விளைவாக, காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி 2007 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது.

"ரோடு சரியில்லை சார்"

இந்த இடத்தில் ஒரு நியாயமான குரல் எழும். எவ்வளவுதான் அளந்து திருத்தினாலும் நம் சாலையில் அது எத்தனை நாள் நிற்கும்? மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடாத பள்ளம், இரவில் கண்ணுக்கே தெரியாத வேகத்தடை, ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து நிற்கும் புதுத் தார்... இதில் யாரைக் குறை சொல்வது?

குறை சொல்லத்தான் வேண்டும். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988-லேயே வழிகாட்டி வெளியிட்டது. 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மெதுவாக வளைந்து ஏறி இறங்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அலுங்காமல் கடக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவற்றை ஒரு டேப் வைத்து அளந்தால் போதும், கதை தெரிந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 198-ஏ பிரிவு, சாலையைத் தரமாக வடிவமைக்கவும் பராமரிக்கவும் தவறி, அதனால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பானவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆள் செத்தால்தான் பள்ளம் குற்றமாகிறது. டயர் செத்தால் அது கார்க்காரன் தலையெழுத்து.

ஆனால் "ரோடு சரியில்லை" என்பது கடைக்காரரின் வாயிலிருந்து வரும்போது அது சாக்கு. சாலை மோசம் என்றால் சஸ்பென்ஷனை இன்னும் கவனமாகத்தானே சோதிக்க வேண்டும்? கொசு அதிகமுள்ள ஊரில் டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்ய மாட்டேன் என்று சொல்வாரா?

"டயர் கம்பெனி மோசம்" என்பதும் அப்படித்தான். டயரில் தயாரிப்புக் குறை இருப்பது உண்டு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் உள்ளோரம் மட்டும் மொட்டையாகி, வெளியோரத்தில் பட்டன் நிற்கும் டயரில், இரண்டு ஓரத்திலும் இருப்பது ஒரே ரப்பர். ஒரே அச்சில் ஒரே நாளில் வெந்தது. ஒரு பக்கம் நிற்கிறது என்றால் ரப்பரைச் சந்தேகப்படுவதற்கு முன் சக்கரத்தையல்லவா சந்தேகப்பட வேண்டும்? 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். முதல் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்க் கண்டிகைத் தொழிற்சாலைகள் வரை, டயர் செய்வதில் பெயர் வாங்கிய மாநிலம் இது. செய்யத் தெரிந்த ஊருக்கு டயரைப் படிக்கத் தெரியவில்லை என்பதுதான் வேதனை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெக்கானிக்கை மட்டும் வில்லனாக்குவது அநியாயம். சில நூறு ரூபாய் வேலைக்கு அவருக்குக் கிடைப்பது இருபது நிமிடம். வெளியே நான்கு வண்டி நிற்கிறது. உள்ளே முதலாளிக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேக்கேஜ் என்ற கணக்கு. "நாலு டயர் வாங்கினா அலைன்மென்ட் ஃப்ரீ" என்று போர்டு மாட்டியவர், அந்த இலவசத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார்? வாடிக்கையாளரும் லேசுப்பட்டவர் இல்லை. "பால் ஜாயின்ட் ஆடுது சார், மாத்திட்டுத்தான் அலைன்மென்ட் பண்ணணும்" என்று உண்மையைச் சொல்லும் மெக்கானிக்கை "காசு புடுங்கப் பாக்குறான்" என்று திட்டிவிட்டு, எதுவும் சொல்லாமல் பச்சைத் தாள் கொடுக்கும் பக்கத்துக் கடைக்குப் போகிறவர்கள் நிறைய. இப்படியே போனால் உண்மை சொல்கிற கடை மூடும், தாள் கொடுக்கிற கடை கிளை திறக்கும்.

யார் பணம், யார் உயிர்?

வசதியுள்ளவருக்கு இரண்டு டயர் சீக்கிரம் போவது எரிச்சல், அவ்வளவுதான். தவணையில் கார் எடுத்து டாக்ஸி ஓட்டுபவருக்கு அப்படி அல்ல. ஒரு டயர் 4,500 ரூபாய், முன்னால் இரண்டு டயருக்கு 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40,000 கிலோமீட்டர் வர வேண்டிய ஜோடி 25,000-லேயே முடிகிறது. மாதம் 5,000 கிலோமீட்டர் ஓட்டினால் வருடத்துக்கு 60,000. ஒழுங்காகத் தேய்ந்தால் முன் டயர் செலவு வருடத்துக்கு 13,500 ரூபாய். ஒருபக்கமாகத் தேய்ந்தால் 21,600. வித்தியாசம் 8,100 ரூபாய். ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவில் ஒரு பங்கு, சாலையில் ரப்பர் தூளாகப் பறக்கிறது. அதைத் தடுக்க வேண்டிய அலைன்மென்டுக்குக் கொடுத்த பணம் இதில் சேராது!

பணத்தைவிடப் பெரியது இன்னொன்று. ஒரு கார் சாலையைத் தொடுவது நான்கே இடத்தில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. அந்த உள்ளங்கையில் பாதி மொட்டை என்றால், மழை நாளில் அடியில் இருக்கும் தண்ணீர் வெளியேற வழி இல்லை. டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் வெறும் அலங்காரம். உள்ளோரத்தில் கம்பி தெரிகிற டயர் வெயில் நேரத்தில், முழுச் சுமையோடு, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வெடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதில் கொடுமை என்னவென்றால், தேய்வது உள்பக்கம். தினமும் காரைத் துடைப்பவர் கண்ணில்கூடப் படாது.

சட்டம் என்ன செய்கிறது? கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது சாலைக்குத் தகுதியில்லாதது. டயரின் பள்ளத்துக்குள் சிறு மேடாக ஓர் அடையாளமும் இருக்கும். அதுவரை தேய்ந்தால் கதை முடிந்தது. விதி இருக்கிறது, அளந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. டாக்ஸிக்காவது எஃப்.சி. உண்டு, புதிதில் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பிறகு வருடா வருடம். சொந்தக் காருக்கு? பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடம் அரசாங்கத்தின் தரப்பில் யாரும் அதன் டயரைத் தகுதிச் சோதனை செய்யப்போவதில்லை. புகைச் சான்றிதழ் உண்டு, இன்சூரன்ஸ் உண்டு. உயிரைத் தாங்கும் நான்கு உள்ளங்கைக்கு ஒன்றும் இல்லை.

ஜப்பானில் சொந்தக் கார் என்றாலும் முதல் மூன்று வருடத்தில் ஒருமுறை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை. 'ஷாக்கென்' என்பார்கள். அதில் ஒரு தட்டின் மேல் காரை மெதுவாக ஓட்டிச் செல்வது ஒரு பகுதி. முன்சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்பதைத் தட்டு காட்டிவிடும். 1 மீட்டருக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் தேறாது. சில விநாடி வேலை! இப்படி ஒரு தட்டை நம் ஊரில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது சொந்தக் கார்களுக்கும் வைக்க முடியாதா?

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அரசாங்கம் தட்டு வைக்கும்வரை டயர் காத்திருக்காது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது இவற்றைக் கேட்டாலே சடங்கு கொஞ்சம் அளவாக மாறும்.

1. "என் டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது, ஏன்?" மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் சொல்லத் தெரியாத கடையில் காரை விடத் தேவையில்லை.

2. "காற்று பார்த்தாச்சா? பால் ஜாயின்ட், டை ராட், புஷ் ஆட்டம் பார்த்தாச்சா?" பக்கத்தில் நின்று பார்க்கலாம். அது வாடிக்கையாளரின் உரிமை.

3. "திருத்துவதற்கு முன் எடுத்த அளவும், பின் எடுத்த அளவும் இரண்டும் தாளில் இருக்கிறதா?" பின் எடுத்தது மட்டும் இருந்தால் அது பாராட்டுப் பத்திரம், அறிக்கை அல்ல.

4. "தாளின் தலையில் இருப்பது என் காரின் மாடல்தானா?" வேறு மாடலைத் தேர்ந்தெடுத்து அளந்தால் பச்சையும் பொய், சிவப்பும் பொய்.

5. "திருத்த முடியாத சிவப்புக்குக் காரணம் என்ன?" "அது அப்படித்தான்" என்பது காரணம் ஆகாது.

இதற்கெல்லாம் முன்னால் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுக்கத் திருப்பி, வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கிக் குனிந்து முன் டயரின் உட்புற ஓரத்தைப் பார்க்க வேண்டும். கையால் குறுக்கே தடவ வேண்டும். கம்பி குத்துமளவுக்குத் தேய்ந்திருந்தால் தடவ வேண்டாம்; கண்ணுக்கே தெரியும். பிறகு மறுபக்கம். இரண்டு நிமிட வேலை, ஒரு பைசா செலவில்லை. கை அழுக்காகும், அவ்வளவுதான்.

அந்த அழுக்குக்குப் பயந்துதான் ஊரே பச்சைத் தாளை நம்பிக்கொண்டிருக்கிறது.